முதல் ஒரு லட்சம் வரிகள்

மூன்று வருடமாகக் குருவுக்கு நல்ல காலம். அதற்காக அவன் தலைகீழாக நின்றான், ராப்பகலாக உழைத்தான் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு எண்ணை மாற்ற மறந்துபோனான். அவ்வளவுதான் அவன் செய்தது.

கிள்ளானில் மூர்னி டிங்கின் என்று ஒரு கம்பெனி. குளிர்பெட்டி வைத்த லோரிகள் முப்பத்தெட்டு அவர்களிடம் உண்டு. துறைமுகத்திலிருந்து மீன், இறால், கோழி, ஐஸ்கிரீம் என்று உருகுவது, நாறுவது எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு செலாயாங், காஜாங், செராஸ் என்று அவை நாள் முழுக்கச் சுற்றும். ஒவ்வொரு லோரியிலும் ஒரு கருவி. ஐந்து விநாடிக்கு ஒரு தடவை அது ஒரு வரி எழுதி ஆபீசுக்கு அனுப்பும்: தேதி, நேரம், லோரி எண், பெட்டிக்குள் எத்தனை டிகிரி, குளிர் மெஷின் ஸ்விட்ச் போட்டிருக்கிறதா அணைத்திருக்கிறதா, கோளாறு ஏதும் உண்டா. முப்பத்தெட்டும் இப்படி விடாமல் எழுதித் தள்ளினால் மாதக் கடைசியில் இருபது மில்லியன் வரிக்கு ஒரு கோப்பு சேர்ந்துவிடும். அடேயப்பா, மனிதன் உட்கார்ந்து படிக்கிற சங்கதியா அது? அதைப் படித்துச் சுருக்கி இரண்டு பக்க அறிக்கை கொடுக்கத்தான் குருவை வேலைக்கு எடுத்தார்கள்.

குரு பிரிக்பீல்ட்ஸ்காரன். ஊரே காலையில் கோலாலம்பூருக்கு ஓட, அவன் மட்டும் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்துகொண்டு போவான். சேர்ந்த முதல் வாரத்தில் பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினான். கோப்பைத் திற, முழுசாகப் படி, லோரிவாரியாகக் கோளாறுகளை எண்ணு. சுலபமான வேலை. ஆனால் கம்பெனி கொடுத்த மடிக்கணினி பழசு. இருபது மில்லியன் வரியை ஒரே வாயில் விழுங்கச் சொன்னதும் அது உள்ளே விசிறி சுழல முனகிவிட்டு அப்படியே உறைந்துபோயிற்று. மூன்று தடவை முயன்றான், மூன்று தடவையும் அதே கதி. சரி, இன்றைக்குப் புரோகிராம் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்போம், நாளைக்கு வேறு வழி யோசிக்கலாம் என்று, முதல் ஒரு லட்சம் வரியோடு நிறுத்திக்கொள்ளும்படி ஒரு எண்ணைப் போட்டான். நொடியில் அறிக்கை வந்து விழுந்தது. முப்பத்தெட்டு லோரிக்கும் பச்சை. கோளாறு சைபர்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆப்பரேஷன் மேனேஜர் சுகுமாறன் அவன் மேசைப் பக்கம் வந்தார்.

"வாவ்! சைபரா? முப்பத்தெட்டு லோரிக்குமா? அனுப்பு, அனுப்பு, உடனே எனக்கு அனுப்பு."

அனுப்பினான். அன்று சாயங்காலமே அது பெரிய சூப்பர்மார்க்கெட்காரர்கள் கைக்குப் போய்விட்டது. குருவின் 'நாளைக்கு' என்கிற நாள் மட்டும் வரவே இல்லை. ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமைக் கை வைத்துக் கெடுத்துக்கொள்ளாதே என்பது அந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் இருக்கிற பயம். குருவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. மாதா மாதம் ஒரு பொத்தானை அமுக்குவான், பச்சை வரும், அனுப்புவான். அந்த எண்ணை அவன் வேண்டுமென்று மறைக்கவில்லை. சத்தியமாக மறந்தே போனான்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். முப்பத்தெட்டு லோரி, ஐந்து விநாடிக்கு ஒரு வரி என்றால் ஒரு லட்சம் வரி எவ்வளவு நேரத்தில் தீரும்? ஒன்றாம் தேதி நள்ளிரவு பன்னிரண்டுக்குத் தொடங்கினால் விடிகாலை மூணு நாற்பதுக்குத் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் லோரிகள் என்ன செய்துகொண்டிருக்கும்? கிள்ளான் கொட்டகையில் வரிசையாக நின்று, சுவரிலிருந்து கரண்ட் வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருக்கும். வெயில் கிடையாது, மேடு கிடையாது, ஜாம் கிடையாது. கோளாறு வர அவற்றுக்கு என்ன தலையெழுத்தா? மூன்று வருடமாக மூர்னி டிங்கின் கம்பெனி தன் லோரிகள் எவ்வளவு நன்றாகத் தூங்குகின்றன என்று ஊருக்கெல்லாம் அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது.

ஊரும் மெச்சியது. போன வருடம் ஷா ஆலமில் ஒரு ஓட்டலில் விருந்து வைத்து, 'சிறந்த குளிர்ப் பராமரிப்பு' என்று கண்ணாடியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். சுகுமாறன் பட்டுப் பாத்தேக் சட்டையில் மேடையேறி வாங்கினார். குருவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பெயருக்கு முன்னால் 'சீனியர்' வந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஆள் குறைத்தார்கள். கோளாறே வராத லோரிக்கு எதற்கு ஏழு மெக்கானிக்?

இப்படி இருக்கையில்தான் மார்ச் பதினேழாம் தேதி வந்தது.

அன்று பதினாலாம் நம்பர் லோரியில் அறுநூறு பெட்டி டுரியான் பழ ஐஸ்கிரீம். ஓட்டியவர் பக்கிரிசாமி. ஐம்பத்தேழு வயது, கம்பெனியில் இருபத்திரண்டு வருடம், ஒரு நாள் லீவு எடுப்பதென்றாலும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிற மனுஷர். செராஸில் ஒரு சூப்பர்மார்க்கெட் பின்வாசலில் லோரியை நிறுத்திக் கதவைத் திறந்தார். திறந்ததுதான் தாமதம், மஞ்சளாக ஒரு வெள்ளம் அவர் சப்பாத்து மேல் கொட்டி, படியிறங்கி, சாலைக்குப் போயிற்று. செராஸ் முழுக்க அன்று டுரியான் சீசன்.

ஆபீசில் பெரிதாக யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? குளிர் மெஷின் டீசலில் ஓடுவது. சில டிரைவர்கள் வழியில் மெஷினை அணைத்துவிட்டு, மிச்சமாகிற டீசலை உறிஞ்சி விற்பதுண்டு. பதினாலாம் நம்பர் மெஷினோ மூன்று வருடமாக ஒரு கோளாறு இல்லாத மெஷின், அறிக்கையே சாட்சி. மெஷின் கெடவில்லை என்றால் ஆள் அணைத்திருக்க வேண்டும். மறுநாளே பக்கிரிசாமியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஏப்ரல் முதல் வாரம் குற்றப் பத்திரிகை போயிற்று, கூடவே குருவின் மார்ச் அறிக்கையும். இருபத்து மூன்றாம் தேதி விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். டீசல் திருடன் என்ற பெயரோடு போகும். அந்தப் பெயரோடு ஐம்பத்தேழு வயசு டிரைவரைக் கிள்ளானில் எவன் வேலைக்கு வைப்பான்?

ஏப்ரல் ஏழாம் தேதி காலையில் பக்கிரிசாமி கம்பெனி வாசலில் நின்றார். உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. குரு ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்தபோது மடிப்புக் கலையாத சட்டையும் கையில் ஒரு பிளாஸ்டிக் உறையுமாக எதிரே வந்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம். உங்கள வம்புக்கு இழுக்க வரல. ஒண்ணே ஒண்ணு கேட்கணும்."

"சொல்லுங்கண்ணே."

"அன்னைக்கு ஃபெடரல் ஹைவேல செம ஜாம். ரெண்டு மணி, ரெண்டேகால் இருக்கும், மெஷின் பீப் பீப்னு கத்துச்சு. ஒர்க்‌ஷாப்புக்குப் போன் அடிச்சேன். 'ஓட்டிட்டு வா லா, அதெல்லாம் கெட்டு ரொசாக் ஆகாது, ரிப்போர்ட்டு கிளீனா இருக்கு'ன்னான். நான் ஸ்விட்ச்சத் தொடவே இல்ல தம்பி."

"அறிக்கையில ஒண்ணும் வரலையேண்ணே. நான்தான் எடுத்தேன்." குரு நல்லபடியாகத்தான் சொன்னான். தன் புரோகிராம் மேல் அவனுக்கு அத்தனை நம்பிக்கை.

"அறிக்கை வேணாம் தம்பி. அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய ஃபைல் இருக்காமே, அஞ்சு செகண்டுக்கு ஒரு வரி. அதுல அந்த ஒரு மணி நேரத்த மட்டும் பார்த்துச் சொல்லுங்க. நான் அணைச்சிருந்தா அணைச்சேன்னே சொல்லுங்க, ஒத்துக்கறேன்." உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "வீட்டுக்காரி வள்ளியம்மா பாசாருக்குக்கூட போறதில்ல. கேட்கறாளுங்களாம், உங்க வீட்டுல டீசல் கிடைக்குமான்னு."

பாவமாக இருந்தது குருவுக்கு. அதோடு, அணைத்தது அவர்தான் என்று காட்டிவிட்டால் மனுஷன் இனி வாசலில் வந்து நிற்க மாட்டார் என்றும் தோன்றியது. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

பார்ப்பதென்றால் லேசா? பதினேழாம் தேதி மதியம் என்பது கோப்பின் நடுவில் எங்கோ இருக்கிறது. முதலிலிருந்து படித்துக்கொண்டே போனால் அந்த மடிக்கணினி சாமியாடும். அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு தேடியபின் குருவுக்கு வழி தெரிந்தது. கோப்பை முழுக்கப் படிக்கவே வேண்டாம். திறந்ததும் நேரே அதன் நடுவில் போய் நில் என்று சொல்லலாம். அங்கே இறங்கினால் பெரும்பாலும் ஒரு வரியின் வயிற்றில்தான் இறங்குவோம். அந்த அரைகுறை வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த முழு வரியின் தேதியைப் பார்க்க வேண்டும். பதினாறாம் தேதியா? இன்னும் முன்னால் போ. பத்தொன்பதா? பின்னால் வா. அகராதியில் சொல் தேடுவதுபோல, ஒவ்வொரு தாவலுக்கும் பாதிப் பாதியாகச் சுருக்கிக்கொண்டே வந்தால் இருபது, இருபத்தைந்து தாவலில் வேண்டிய இடம் வந்துவிடும். பிறகு அங்கிருந்து ஒரு மணி நேரத்து வரிகளை மட்டும் ஒவ்வொன்றாக வாசித்தால் போதும். மொத்தம் பத்துப் பதினைந்து வரிப் புரோகிராம். மூன்று வருடத்துக்கு முன்னால் 'நாளைக்கு' என்று தள்ளிவைத்தானே, அந்த நாளுக்குரிய வேலை மொத்தத்துக்கும் காலையில் ஒரு மணி நேரம்தான் பிடித்தது.

ஓட்டினான். இமைப்பதற்குள் திரையில் வந்து நின்றது.

பதினேழாம் தேதி. பிற்பகல் இரண்டு பன்னிரண்டு. லோரி பதினாலு. ஸ்விட்ச்: போட்டிருக்கிறது. கோளாறு: குளிர் மெஷின் நின்றுவிட்டது. அடுத்த வரியிலும் அதேதான். அதற்கடுத்த வரியிலும் அதேதான். ஸ்விட்ச் கடைசிவரை போட்டபடியே இருந்தது. பெட்டிக்குள் டிகிரி மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று.

குருவுக்கு முதலில் வந்தது சந்தோஷம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வரவில்லை. 'அப்படியென்றால் என் அறிக்கையில் இது ஏன் வரவில்லை?' என்றுதான் முதலில் தோன்றிற்று. பழைய புரோகிராமைத் திறந்தான். நான்காவது வரியில் அந்த ஒரு லட்சம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. எதற்கும் பார்ப்போம் என்று ஐந்தாம் தேதிக்குத் தாவினான். இரண்டு லோரியில் கோளாறு. ஒன்பதாம் தேதி, ஐந்து லோரி. பதினாலாம் நம்பர் மட்டும் அந்த மாதத்தில் பதினோரு நாள் அலறியிருந்தது. அதற்கு முந்தைய மாதத்துக் கோப்பைத் திறக்க அவனுக்குக் கை வரவில்லை.

மறுநாள் காலை சுகுமாறன் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னான். சுகுமாறன் பொறுமையாகக் கேட்டார். அவர் பின்னால் அலமாரியில் கண்ணாடிக் கேடயம் மின்னிக்கொண்டிருந்தது.

"மூணு வருஷமா?" என்றார்.

"மூணு வருஷமா, போஸ்."

"முப்பத்தாறு அறிக்கை?"

"ஆமா."

சுகுமாறன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார், உட்கார்ந்தார். கத்துவார் என்று குரு பயந்துகொண்டிருந்தான். அவர் கத்தவில்லை. குரலை இன்னும் தணித்துக்கொண்டார்.

"இங்க பாரு குரு. இத நீ எங்கிட்ட சொல்லல. ஓகே? இப்ப வெளிய வந்தா உனக்கும் போச்சு, எனக்கும் போச்சு, கஸ்டமரும் போயிடுவான். முப்பத்தெட்டு டிரைவர் குடும்பம் தெருவுல நிக்கும். ஒரு ஆளுக்காக."

"அப்ப பக்கிரிசாமி அண்ணன்..."

"யாரு அவருக்கு அநியாயம் பண்றது? நாம எதையும் ஒளிக்கப் போறதில்ல." இந்த இடத்தில் சுகுமாறன் முகம் மலர்ந்தது; நல்ல யோசனை வரும்போது அவருக்கு அப்படித்தான் மலரும். "அவருக்கு அந்த ஃபைலக் கொடுத்துடுவோம். முழுசா. இருபது மில்லியன் வரியையும். கையெழுத்து வாங்கிட்டுக் கொடு. பார்த்துக்கட்டும். அவரோட டேட்டாதானே?"

குருவுக்குப் புரிந்தது. அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு ஒரு லோரி டிரைவர் என்ன செய்வார்? திறக்கவே முடியாது. ஆனால் கொடுக்கவில்லை என்று யாரும் நம்மைக் குறை சொல்லவும் முடியாது. வெட்கக்கேடு, அப்படியொரு நிம்மதி அவனுக்கு! மனசுக்குள் அழுத்திக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை, மறைக்கவில்லை, கேட்டதற்கு மேலேயே கொடுக்கிறோம். ஒன்பதாம் தேதி பென்டிரைவில் போட்டு, 'முழுத் தரவும் வழங்கப்பட்டது' என்று ஒரு கடிதம் அடித்து, வாசலில் வைத்துப் பக்கிரிசாமியிடம் கொடுத்தான்.

பக்கிரிசாமி இரண்டு கையாலும் வாங்கினார். "ரொம்ப நன்றி தம்பி. உங்கள மாதிரி ஒருத்தராவது இருக்கீங்களே" என்றார்.

அடுத்த சனிக்கிழமை குருவுக்கு ஒரு போன். பக்கிரிசாமியின் மகள் தாமரை. கிளினிக் ஒன்றில் கெராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்க்கிற பெண்.

"அண்ணா, சாரி லா, லீவு நாள்ல தொந்தரவு பண்றேன். அப்பா கொடுத்த ஃபைல் நோட்பேட்ல திறக்கவே மாட்டேங்குது. பிரிண்ட் எடுக்கலாம்னு கடைக்குப் போனா, கடைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு நாலு லட்சம் பக்கம் வரும், லோரி கொண்டாந்திருக்கியாங்கறார்."

குரு சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"அப்புறம் எக்ஸெல்ல போட்டேன். அது ஒரு மில்லியன் சொச்சத்தோட நின்னுடுச்சு. ரெண்டாம் தேதி மதியம் வரைக்கும்தான் வருது. எங்களுக்குப் பதினேழாம் தேதி வேணும். நடுவுல இருந்து மட்டும் படிக்க ஏதாவது வழி இருக்காண்ணா?"

வழி அவன் மடியிலேயே இருந்தது. பதினைந்து வரி. போனிலேயே சொல்லியிருக்கலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அடுத்த நிமிஷம் அவர்கள் கையில் பதினேழாம் தேதி. அதற்கடுத்த நிமிஷம், சைபர் என்று கையெழுத்துப் போட்டவன் யார் என்ற கேள்வி.

"கொஞ்சம் கஷ்டம்மா. விசாரிச்சுச் சொல்றேன்" என்றான்.

இதில் இன்னொன்றையும் அவன் யோசித்துப் பார்த்தான், பார்க்காமல் இருந்திருக்கலாம். ஒரு மில்லியன் சொச்சம் வரி என்றாளே. கிளினிக்கில் நம்பர் கூப்பிடுகிற பெண், ஒரே சாயங்காலத்தில், அவன் மூன்று வருடமாக மாதா மாதம் படித்ததைப்போல் பத்து மடங்கு படித்துவிட்டாள். பெயருக்கு முன்னால் சீனியர் இல்லாமலே.

விசாரித்துச் சொல்லவில்லை. தாமரை இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். முதல் தடவை மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னான். இரண்டாம் தடவை போனை அடிக்க விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருபத்து மூன்றாம் தேதி பத்து மணிக்கு மூன்றாம் மாடியில் விசாரணை. தலைமை தாங்கியவர் தலைமையகத்திலிருந்து வந்த ஷாமினி, ஊழியர் விவகார அதிகாரி. கம்பெனி தரப்பில் சுகுமாறன். சாட்சி குரு. பக்கிரிசாமி தனியாக, முடியைப் படிய வாரிக்கொண்டு, பிளாஸ்டிக் உறையோடு உட்கார்ந்திருந்தார். தாமரையை உள்ளே விடவில்லை. கீழே வரவேற்பறையில் காத்திருந்தாள்.

சுகுமாறன் அறிக்கையைப் படித்தார். கோளாறு சைபர் என்றார். முழுத் தரவும் கொடுத்தாயிற்று, இதோ கையெழுத்து என்றார். குரு எழுந்து, ஆமாம், அறிக்கை என்னுடையதுதான் என்றான். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிகிற மாதிரி இருந்தது.

"சாட்சியை ஏதாவது கேட்கணுமா?" என்று ஷாமினி பக்கிரிசாமியைப் பார்த்தார். வழக்கமாகக் கேட்கிற கேள்வி. அநேகமாக யாரும் எதுவும் கேட்பதில்லை.

"ஒண்ணு கேட்கணும் மேடம்." பக்கிரிசாமி எழுந்து நின்றார். "நாங்க லோரி ஓட்டறவங்க. எங்க டிரிப் ஷீட்டுல எத எழுதினாலும் 'இருந்து', 'வரை'ன்னு ரெண்டு கட்டம் இருக்கும். எத்தன மணிக்குக் கிளம்பினோம், எத்தன மணிக்குச் சேர்ந்தோம். அந்த ரெண்டும் நிரப்பலன்னா ஷீட்டு செல்லாது, கெராணி மூஞ்சில வீசிடுவாங்க. தம்பியோட அறிக்கையில அந்தக் கட்டம் இல்ல. எங்க பொண்ணு திறந்து பார்த்தது ரெண்டாம் தேதி வரைக்கும்தான். அதுலயே முதல் நாள் பகல் பதினோரு மணிக்குப் பதினாலாம் நம்பர்ல கோளாறுன்னு இருக்கு." உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "தம்பி அறிக்கையில சைபர். அதான் கேட்கறேன். தம்பி, நீங்க எத்தன மணில இருந்து எத்தன மணி வரைக்கும் பார்த்தீங்க?"

மூன்று வருடம். முப்பத்தாறு அறிக்கை, பன்னிரண்டு கஸ்டமர், ஒரு கேடயம். இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை.

குரு சுகுமாறனைப் பார்த்தான். சுகுமாறன் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னிரண்டு மணியிலிருந்து மூணு நாற்பது வரைக்கும்" என்றான் குரு.

ஷாமினி எழுதிக்கொண்டே கேட்டார். "எந்தத் தேதி பன்னிரண்டு? எந்தத் தேதி மூணு நாற்பது?"

"ஒண்ணாம் தேதி நள்ளிரவு, மேடம். ஒண்ணாம் தேதி விடிகாலை."

எழுதிய பேனா நின்றது. "மாசம் பூரா இல்லையா?"

"இல்ல, மேடம்."

"மேடம், இது ஒரு டெக்னிக்கல் மேட்டர்..." என்று சுகுமாறன் பூசி மெழுகப் பார்த்தார். ஷாமினி கையைக் காட்டி நிறுத்தினார்.

"பதினேழாம் தேதி ரெண்டு மணிய இப்ப எடுத்துக் காட்ட முடியுமா? எவ்வளவு நாள் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம் போதும், மேடம்" என்றான் குரு. வேறு என்ன சொல்ல?

மடிக்கணினியைத் திரையோடு இணைத்தான். கோப்புகளின் பட்டியல் சுவரில் பெரிதாக விரிந்தது. புரோகிராமைத் தட்டினான். இமைப்பதற்குள் வந்துவிட்டது, இரண்டு பன்னிரண்டு, லோரி பதினாலு, ஸ்விட்ச் போட்டபடி, மெஷின் நின்றபடி. ஷாமினி ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார். ஒரு பக்கம் முழுக்கப் படித்தபின் நிறுத்தினார். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை, திங்கட்கிழமையிலிருந்து பக்கிரிசாமி வேலைக்கு வரலாம், கம்பெனி எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். பிறகு சுகுமாறன் பக்கம் திரும்பி, "அந்தப் பழைய அறிக்கைங்க எல்லாம்?" என்றார்.

சுகுமாறனைச் சும்மா சொல்லக் கூடாது. அந்தக் கண நேரத்தில் மனுஷர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா?

"அதான் மேடம், நாங்க ஏற்கெனவே அடுத்த கட்டத்துக்குப் போயிட்டோம். இப்ப பார்த்தீங்களே, இதுதான் புது முறை. இருபத்து நாலு மணி நேரமும், முழு மாசமும். அடுத்த மாசத்திலிருந்து எல்லாக் கஸ்டமருக்கும் இதான். குருதான் பொறுப்பு. ரொம்ப நாளா இதுல உழைச்சுக்கிட்டிருக்கார்."

ஷாமினி குருவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அதையும் குறித்துக்கொண்டார். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும் என்றார். வரும். ஆனால் புது முறைக்குப் பொறுப்பானவனை யார் வீட்டுக்கு அனுப்புவார்கள்? தப்பித்தோம் என்று குருவுக்கே தெரிந்துவிட்டது. வேலையும் போகவில்லை, பெரியவரும் பிழைத்தார். கடைசியில் எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது என்று அவன் நினைக்கக்கூடத் தொடங்கிவிட்டான்.

வெளியே லிஃப்ட் பக்கம் பக்கிரிசாமி நின்றுகொண்டிருந்தார். தாமரைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். குரு பக்கத்தில் போனான். கையைப் பிடித்துக்கொள்வார், வாழ்த்துவார் என்று எதிர்பார்த்தான். உள்ளதைச் சொல்கிறேன், அதற்காகத்தான் போனான்.

"ரொம்ப சந்தோஷம்ணே" என்றான்.

"ஆமா தம்பி." பக்கிரிசாமி போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "ஒண்ணு கேட்கணும். செவுத்துல காட்டினீங்களே, அந்தப் புரோகிராம் பேருக்குப் பக்கத்துல ஏப்ரல் ஏழுன்னு போட்டிருந்துச்சு. அது என்ன தேதி?"

பொய் சொல்ல இடம் இருந்தது. கம்ப்யூட்டர் தேதி தப்பு, அது வேறு ஏதோ என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு இரண்டாவது தடவையாகக் குரு உண்மையைச் சொன்னான்.

"நான் அத எழுதின நாள்ணே."

"எழுதி, அன்னைக்கே பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டேன்."

"நான் கேட்ல வந்து நின்னேனே, அந்த நாள்."

"ஆமா."

பக்கிரிசாமி தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக எண்ணினார். விரல் விட்டு எண்ணினார்.

"பதினாறு நாள்" என்றார். "பதினாறு நாளும் வள்ளியம்மா வாசல்ல கோலம் போட வரல. பொண்ணு உங்களுக்கு மூணு தடவ போன் அடிச்சா."

நாலு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், ஒரு அறை விட்டால்கூட நல்லது என்று குரு நின்றான். பெரியவர் திட்டவில்லை. பிளாஸ்டிக் உறையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. அவர் ஒரு எட்டுப் பின்னால் வைத்து, சுவரோரம் ஒதுங்கி, வழிவிட்டார். இருபத்திரண்டு வருடமாகப் பெரிய அதிகாரிகளுக்கு வழிவிட்டுப் பழகியவர்.

"நீங்க போங்க சார்" என்றார். "நான் அடுத்ததுல வரேன்."